பதினான்காம் நாள் கணக்கு

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்ற பழமொழியை எங்கள் ஊரில் சமையலுக்குச் சொல்லி நான் கேட்டது குறைவு. செட்டிகுளம் மலைக்கோயிலில் நிற்பவர் கையில் கரும்பு ஏந்திய தண்டாயுதபாணி. முருகன் குடியிருக்கும் ஊரில் சட்டி சஷ்டியாகிவிடும், அகப்பை அகத்துப் பையாகிவிடும். சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் கழிந்தும் வயிறு திறக்காத பெண்களிடம்தான் இந்தப் பழமொழி அதிகம் சொல்லப்பட்டது. என் மனைவியிடம் ஆறு வருடம் சொல்லப்பட்டது.

போன மாதம் தம்பி மகன் ஊருக்கு வந்திருந்தான். ஓசூரில் வேலை. கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. சாயங்காலம் வயல் பக்கம் நடந்து போய் வெங்காயப் பட்டறை நிழலில் உட்கார்ந்தோம். சின்ன வெங்காயம் என்ன விலை போகிறது என்று பேச்சை ஆரம்பித்தவன், சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டான்.

"பெரியப்பா, அக்கா பொறந்தது உங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சுதானே? அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

கையில் செல்போனைத் திறந்து காட்டினான். அதில் ஒரு மாத நாட்காட்டி. சில தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அந்தத் தேதிகள்தான் கரு தங்கும் நாட்கள் என்று செல்போன் சொல்கிறதாம். மருந்துக் கடையில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் குச்சியும் வாங்கியிருக்கிறார்கள். மாமியார் ஒரு கணக்குச் சொல்கிறார், டாக்டர் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார். எதை நம்புவது என்பதுதான் அவன் கேள்வி.

அவனுக்கு அன்று நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆனால் நம் வயதுக்காரர்கள் இதைப் பேசாமல் விட்டதால் எத்தனை பெண்கள் வீணாகப் பழி சுமந்தார்கள் என்று நினைக்கும்போது, கூச்சம் பெரிதாகத் தெரியவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது 1974 வைகாசியில். அப்போது பரமக்குடி தபால் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் மாடு, வயலில் வெங்காயம். அதனால் மனைவி செட்டிகுளத்திலேயே இருந்தாள். சம்பளம் வாங்கியதும் மாதம் ஒரு முறை வருவேன். பரமக்குடியில் ஏறி மதுரை, திருச்சி என்று மாறி, ஆலத்தூர் கேட்டில் இறங்கி, ஊர் வந்து சேரும்போது அரை நாளுக்கு மேல் போயிருக்கும். ஒன்றிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இடையில் அவளிடமிருந்து இன்லேண்ட் கடிதம் வரும். மழை, மாடு, அம்மாவின் மருந்து எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "இந்த மாதமும் கோயிலுக்குப் போகவில்லை" என்று எழுதியிருப்பாள். தூரமாகிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். கூட்டுக் குடும்பத்தில் யார் கடிதத்தைப் பிரித்தாலும் புரியாத மாதிரி அவளே கண்டுபிடித்த பாஷை அது. தினமும் காலையில் தேதி முத்திரையில் நாளை மாற்றி வைப்பதுதான் என் முதல் வேலை. ஒரு நாள் போனதும் அடுத்த நாள் வருவதும் என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அந்தக் கடைசி வரியைப் படிக்கும் நாளில் முத்திரை கையில் கனக்கும்.

மூன்றாம் வருடம் முடிந்ததும் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறினாள், சஷ்டிக்குப் பட்டினி கிடந்தாள். நாட்டு மருந்து, வேப்பங்கொழுந்து, யார் யாரோ சொன்ன லேகியம் எல்லாம் உள்ளே போனது. நான்காம் வருடம், "இன்னொரு பொண்ணு பாக்கலாமா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனதை இன்றும் மறக்க முடியவில்லை. எனக்குப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இந்த நாள் கணக்கு ஒன்றும் புதிய விஷயம் அல்ல. பரமக்குடியில் மணியார்டர் அனுப்ப வரும் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எனக்குக் குழந்தை இல்லை என்பது தெரிந்து, ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் மெதுவாகச் சொன்னார், "தம்பி, தொல்காப்பியத்திலேயே இதுக்கு இலக்கணம் இருக்கு." எனக்கு வியப்பாக இருந்தது. பொருளதிகாரத்தில் கற்பியலில், பரத்தையிடம் பிரிந்து போன தலைவனும்கூட மனைவிக்குப் பூப்பு வந்த பின் வரும் பன்னிரண்டு நாள் அவளை விட்டு அகன்று இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உரையாசிரியர்கள் முதல் மூன்று நாளை விலக்கி, அதன் பின் பன்னிரண்டு நாள் என்று விளக்கம் சொல்வார்கள். அப்படி எண்ணினால் நான்காம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை வரும். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை ஒழுங்காக மாதவிலக்கு வரும் பெண்ணுக்குக் கரு தங்கும் நாட்கள் இதற்குள் அடங்கிவிடும்.

மனு நூலும் இதுபோல ஒரு கணக்குச் சொல்கிறது. மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து பதினாறு இரவு, அதில் முதல் நான்கு ஆகாது என்பது அதன் விதி. கூடவே இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்றும் சொல்கிறது. அதில் உண்மை இல்லை. ஆனால் மாத நடுவை ஒட்டிய நாட்களை விடக் கூடாது என்ற அறிவு நம் பக்கத்தில் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது.

ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். நாய், பசு போன்ற பிராணிகள் பருவத்துக்கு வருவதும் பெண்ணின் மாதவிலக்கும் ஒன்றே என்று நினைத்து, மாதவிலக்கை ஒட்டிய நாட்களில்தான் கரு தங்கும் என்று 19-ம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் எழுதினார்கள். குழந்தை வேண்டாதவர்கள் மாத நடுவில் சேர்ந்தால் பயமில்லை என்றும் ஆலோசனை சொன்னார்கள். அதை நம்பியவர்கள் வீட்டில் தொட்டில் எத்தனை ஆடியதோ!

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் ஜப்பானில் நீகாட்டா என்ற ஊரில் மருத்துவராக இருந்த ஒகினோ கியூசாக்கு. அறுவைச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் முந்தைய மாதவிலக்குத் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். வயிற்றைத் திறக்கும்போது சினைப்பையில் முட்டை வெடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதவிலக்கு என்றைக்கு வந்தது என்பதையும் எழுதிக்கொள்வார். இப்படிச் சேர்த்த கணக்கை 1924-ல் வெளியிட்டார். முட்டை வெளிவருவது போன மாதவிலக்கிலிருந்து இத்தனையாவது நாள் என்று எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பன்னிரண்டு முதல் பதினாறு நாளுக்குள் வந்துவிடும். எல்லோரும் முன்னால் எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பின்னால் எண்ணினார். அதே காலத்தில் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாவ்ஸ் என்ற மருத்துவரும் வேறு வழியில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்.

ஒகினோ இதைக் குழந்தை இல்லாதவர்களுக்கு உதவத்தான் பயன்படுத்த நினைத்தார். உலகமோ அதைக் குழந்தை வேண்டாதவர்களின் முறையாக எடுத்துக்கொண்டது. கருத்தடைக்கு இதை நம்புவது சரியில்லை என்று அவர் சொல்லியும் அவர் பெயரே அந்த முறைக்கு ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் அது அந்த வேஷத்தில்தான் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியடிகளின் வழி வந்தவர். கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு விருப்பம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்திடம் உதவி கேட்டார். நியூயார்க்கிலிருந்து டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் 1951-ல் வந்தார். டெல்லியில் லோடி காலனியிலும், மைசூர் மாநிலத்தில் ராமநகரத்திலும் நாள் கணக்கு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ராமநகரம் என்றால் 'ஷோலே' படம் எடுத்த ஊர் என்று உங்களுக்கு நினைவுக்கு வரும். அந்தப் பாறைகளுக்கு நடுவே கப்பர் சிங் வருவதற்கு இருபது வருடம் முன்பே வந்தது ஒரு மணிமாலை.

படிக்காத பெண்கள் தேதியை எப்படி எண்ணுவார்கள்? அதற்காக ஸ்டோன் ஒரு மாலை கோத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு மணி தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை, சிவப்பு மணி வந்தால் கரு தங்கும் நாள். யோசனை அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரவில் விளக்கில்லாத வீட்டில் பச்சை எது, சிவப்பு எது? அதனால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி உருண்டை மணியும் சதுர மணியும் வைத்துப் பார்த்தார்கள். மாலை கழுத்தில் கிடந்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும் என்று சில பெண்கள் கூச்சப்பட்டார்கள். சிலர் அதைத் தாயத்து மாதிரி நினைத்து, போட்டிருந்தாலே போதும் என்று இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு பெண்ணின் கணக்கும் வேறு என்பதால் ஒவ்வொருவருக்கும் தனி மாலை வேண்டியிருந்தது. கடைசியில் அந்த முறை நாட்டில் பரவவில்லை.

1952-ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே அறிவித்தது. உலகத்தில் முதல் நாடு நாம்தான். எங்களுக்குக் கல்யாணமான சமயத்தில் சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்." எங்கள் தபால் அலுவலகச் சுவரிலும் ஒன்று இருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் என் மனைவியின் கடிதத்தைப் படிப்பேன். பெற்றவர்களுக்குப் போதும் என்று சொல்ல அத்தனை ஏற்பாடு. பெறாதவர்களுக்கு வழி சொல்ல ஒரு சுவரொட்டிகூட இல்லை. எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் காதில் விழுந்த அரைகுறைச் செய்திதான்.

எனக்கு அப்படி வந்து சேர்ந்த செய்தி, 'பதினான்காம் நாள்'. கூட வேலை பார்த்தவர் ஒருவர் எங்கோ படித்துவிட்டுச் சொன்னார். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து பதினான்காம் நாள்தான் முட்டை வெளியாகும், அன்றைக்கு ஊரில் இரு, போதும் என்றார். எனக்கு வழி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. 1978 சித்திரையிலிருந்து, கடிதத்தில் எழுதிய தேதியை முதல் நாளாக வைத்து எண்ணினேன். பதின்மூன்றாம் நாள் இரவு வீடு வந்து, பதினைந்தாம் நாள் காலையில் பஸ் ஏறிவிடுவேன். அதற்குத் தோதாக விடுப்பு எழுதிக் கொடுப்பேன். இப்படி ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் கடிதம் வரும். "இந்த மாதமும் கோயிலுக்குப் போகவில்லை."

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. என் கணக்கு விஞ்ஞானக் கணக்கு, அது தவறாது என்று நினைத்தேன். கணக்கு சரியாக இருந்தும் குழந்தை இல்லை என்றால் குறை அவளிடம்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருடக் கடிதங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னதாகிக்கொண்டே போயின.

1979-ல் ஒரு ஆவணி மாதம் நான் ஊரில் இருந்தபோது நர்சம்மா வீட்டுக்கு வந்தார். கையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. எத்தனை குழந்தை, ஆபரேஷன் ஆயிற்றா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவர் வேலை. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

நர்சம்மா நோட்டை மூடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?" என்று கேட்டார்.

"மாசா மாசம் வந்துடுதுங்க."

"மாசம்னா எத்தனை நாளு? தேதி ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு நினைவில்லை. ஆனால் என்னிடம் இருந்தது. கடிதங்களை நான் தூக்கி எறியவில்லை, கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து வந்து திண்ணையில் பரப்பினேன். நர்சம்மா ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிக் கழித்துப் பார்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து. இருபத்தெட்டு ஒரு மாதம்கூட இல்லை.

"நீங்க எந்தெந்த நாள்ல வந்து போறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், பதினாலுன்னு முன்னாடி எண்ணக் கூடாது. அடுத்தது வர்ற நாள்லேருந்து பின்னாடி பதினாலு எண்ணணும். முப்பத்தஞ்சுல பதினாலு போனா இருபத்தொண்ணு. உங்க வீட்டம்மாவுக்கு இருபத்தொண்ணாம் நாள் பக்கம் முட்டை வரும். நீங்க பதினஞ்சாம் நாள் பஸ் ஏறிடுறீங்க" என்றார்.

ஒகினோ என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரியும். ஆனால் நீகாட்டாவில் அந்த மருத்துவர் செய்ததைத்தான் எங்கள் திண்ணையில் நர்சம்மா செய்தார். என் மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஈட்டிய விடுப்பு எடுத்தேன். பதினாறாம் நாள் வந்து இருபத்திரண்டாம் நாள் திரும்பினேன். முதல் இரண்டு தடவையும் வழக்கமான கடிதம்தான் வந்தது. மூன்றாவது தடவை வந்த கடிதத்தில் கடைசி வரி இல்லை. அடுத்த கடிதத்திலும் இல்லை. அதற்கடுத்த கடிதத்தை என் அம்மா பக்கத்து வீட்டுப் பையனை வைத்து எழுதியிருந்தார், "மருமகள் முழுகாமல் இருக்கிறாள்" என்று. 1980 ஆவணியில் மகள் பிறந்தாள்.

முட்டை ஒரு நாள் அளவுக்குத்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரைகூட இருக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், ஆக ஆறு நாள்தான் கரு தங்கும் காலம். அமெரிக்காவில் 221 பெண்களைத் தினமும் கவனித்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் இதை உறுதி செய்தார்கள். அதே குழு 2000-ல் இன்னொன்றும் சொன்னது. பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாளுக்குள் இந்த ஆறு நாளும் முழுதாக அடங்குவது ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பெண்களுக்குத்தான். அதைப் படித்த அன்று என் பரமக்குடி பஸ் பயணங்கள் அத்தனையும் கண்முன் வந்து போயின.

இப்போது என்னென்ன வழி இருக்கிறது என்று தம்பி மகனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் காய்ச்சல் மானியை வாயில் வைத்துப் பார்ப்பது ஒன்று. முட்டை வெளியான பிறகு உடம்புச் சூடு அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவு ஏறி, அடுத்த மாதவிலக்கு வரை அப்படியே நிற்கும். செலவில்லாத வழி. ஆனால் பஸ் போன பிறகு வரும் தகவல் இது. இரண்டு மூன்று மாதம் குறித்துவைத்தால், முட்டை வருகிறதா, ஏறக்குறைய எப்போது வருகிறது என்று தெரியும். அந்த மாதத்துக்கு உதவாது.

இரண்டாவது, வெள்ளைப்படுவதைக் கவனிப்பது. முட்டை வரும் நாள் நெருங்கும்போது அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நூல் போல நீளும். ஆஸ்திரேலியாவில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 1950-களில் தொடங்கி இதை ஒரு முறையாக வளர்த்தார்கள். கொல்கத்தாவில் அன்னை தெரசாவின் சகோதரிகளும் ஏழைத் தம்பதிகளுக்கு இயற்கை முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். முன்கூட்டியே சொல்லும். பெண் தன் உடம்பைத் தானே கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அவன் வாங்கி வைத்திருக்கும் குச்சி. முட்டை வெளியாவதற்கு முன் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று பெருகும். அது சிறுநீரிலும் வரும். குச்சியில் சோதனைக் கோடு, பக்கத்துக் கோட்டின் அளவுக்கு அடர்த்தியாகிவிட்டால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வரும் என்று பொருள். 1980-களில் இது கடைக்கு வந்தது. என்றைக்குச் சோதிக்க ஆரம்பிப்பது என்பதற்கும் பின்னோக்கி எண்ணும் கணக்குத்தான். சுற்று நாளில் பதினேழைக் கழிக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் என்றால் பதினொன்றாம் நாள். முப்பத்தைந்து என்றால் பதினெட்டாம் நாள். இது தெரியாமல் எல்லோரும் பத்தாம் நாளே ஆரம்பித்து, டப்பா தீர்ந்ததும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு எல்.எச். எப்போதும் கூடுதலாக இருக்கலாம் என்பதால் குச்சி ஏமாற்றவும் செய்யும்.

நான்காவது, ஸ்கேன். ஒன்பது பத்தாம் நாளிலிருந்து ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை பார்த்து, முட்டைப் பை பதினெட்டு, இருபது மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டதா, வெடித்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தபோது நாம் பேப்பரில் படித்து வியந்தோம். இன்று முட்டையை வளர விட்டுப் பார்க்கும் ஸ்கேன் பெரம்பலூர் பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயமாகிவிட்டது. செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இதைவிட நிச்சயமானது வேறில்லை.

செல்போன் கணக்கு? போன மாதங்களை வைத்து அடுத்த மாதத்தை ஊகிக்கிறது. ஒழுங்காக வருபவர்களுக்கு ஓரளவு சரி. மற்றவர்களுக்கு அது என் பதினான்காம் நாள் கணக்கின் பேரன்தான்.

ராமநகரத்து மணிமாலையும் திரும்ப வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 32 மணி வைத்து ஒரு மாலை செய்தார்கள். 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவர்களுக்கு மட்டும். எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை மணி, அவை கரு தங்கக்கூடிய நாட்கள். அந்த வெள்ளை மணிகள் இருட்டில் ஒளிரும். ஐம்பது வருடம் முன் ராமநகரத்துப் பெண்கள் சொன்ன குறையை யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை வேண்டாதவர்களுக்காகச் செய்த மாலைதான். வேண்டுபவர்களுக்கும் அதே வெள்ளை மணிதான் வழி சொல்லும்.

"இதுல எதைப் பண்றது பெரியப்பா?" என்றான்.

"முதல்ல உன் வீட்டுக்காரிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு தெரியுமா?"

கொஞ்சம் யோசித்து, "சில மாசம் முப்பது, சில மாசம் நாப்பத்தஞ்சு" என்றான்.

அப்படியானால் செல்போன் கணக்கு ஆகாது, குச்சியும் வீண் செலவு. நல்ல பெண் மருத்துவரிடம் போய் ஏன் ஒழுங்கில்லை என்று முதலில் பார்க்க வேண்டும், ஸ்கேன் அவர்களே சொல்வார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்கள் என்றால் எந்தக் கருவியும் இல்லாமல், மாத நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தாலே போதும். தொல்காப்பியர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஒரு வருடம் பார்த்தும் ஆகவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

"அதுக்கு முன்னாடி நீ ஒரு டெஸ்ட் எடுத்துடு" என்றேன்.

"நானா?"

அந்த 'நானா'வை நான் வேறு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. "ஆமா, நீதான். அவளை நாள் நாளா எண்ண வைக்கிறதுக்கு முன்னாடி உன் பக்கம் சரியான்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுக்கலாம். நான் அதைச் செய்யலை. குறை என் கணக்குல இருந்துச்சு, பேச்சு வாங்குனது உன் பெரியம்மா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் வெங்காயத் தாளைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு, "திங்கக்கிழமை எடுத்துடறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு முறை சொன்ன பிறகு, "முருகன் குடுத்தாரு, நர்சம்மா வழி காட்டுனாங்க. நீங்க பஸ்ஸுல வந்தீங்க" என்றாள்.

நர்சம்மா தேதி கழித்துப் பார்த்த அந்தத் தாள் இன்னமும் டிரங்குப் பெட்டியில் கடிதக் கட்டோடு இருக்கிறது. மடிப்பு வெளுத்துவிட்டது. இந்த ஆவணியில் மகள் வந்தபோது எடுத்துக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.